அகச்சிவப்பில் செஃபீடுகள்: பக்கத்து கேலக்ஸியின் தூரத்தை அளக்க ஒரு செய்முறை வழிகாட்டி

ஒரு மடிக்கணினி, இணைய இணைப்பு, பள்ளியில் படித்த மடக்கைக் கணக்கு. இவை இருந்தால் நம் பால்வீதிக்குப் பக்கத்தில் இருக்கும் கேலக்ஸியான பெரிய மெகல்லானிக் மேகத்தின் தூரத்தை இரண்டு மூன்று சதவீதப் பிழைக்குள் நீங்களே கணக்கிடலாம். சொந்தத் தொலைநோக்கி தேவையில்லை. விண்வெளித் தொலைநோக்கிகள் படங்களை எடுத்து முடித்துவிட்டன. அளவீடுகள் பொதுக் களஞ்சியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இங்கே சொல்லும் படிகள் செஃபீடு வகை மாறும் விண்மீன்களுக்கும், நாசாவின் நியோவைஸ் என்ற அகச்சிவப்பு விண்கலத்தின் தரவுக்கும் பொருந்துபவை.

மொட்டைமாடியில் கேமராவை வைத்து இதைச் செய்ய முடியாதா என்று பலர் கேட்பதுண்டு. ஒளியின் அலைநீளம் 2.3 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் போனால் நம் காற்றும், தொலைநோக்கியின் குழாயும் கண்ணாடியும் கூட வெப்பத்தால் ஒளிர ஆரம்பித்துவிடும். நடுநடுவே நீராவி பெரிய பெரிய பட்டைகளை அப்படியே விழுங்கிவிடுகிறது. 3.4 மைக்ரானில் பத்தாண்டு அளவீடு வேண்டுமென்றால் விண்வெளிக்குப் போன கருவியின் தரவுதான் வழி.

அடிப்படை, சுருக்கமாக

செஃபீடு என்பது சீராக விரிந்து சுருங்கும் பெரிய விண்மீன். ஹார்வர்டு வானாய்வகத்தில் பணியாற்றிய ஹென்ரியட்டா லீவிட், சிறிய மெகல்லானிக் மேகத்தின் 25 செஃபீடுகளை வைத்து 1912-இல் ஒரு விதியைக் காட்டினார்: துடிப்புக்காலம் நீளமாக இருந்தால் விண்மீனின் ஒளியும் அதிகம். காலத்தை அளந்தால் உண்மையான ஒளி தெரியும். உண்மையான ஒளியையும் நமக்குத் தெரியும் ஒளியையும் ஒப்பிட்டால் தூரம் வந்துவிடும்.

ஒளியை வானியலில் பொலிவெண்ணாகச் சொல்வார்கள். எண் சிறியதாக இருந்தால் ஒளி அதிகம் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்; புதியவர்கள் வரையும் முதல் வரைபடம் பெரும்பாலும் தலைகீழாக இருப்பதற்கு இதுவே காரணம். நமக்குத் தெரியும் பொலிவெண்ணிலிருந்து, 10 பார்செக் (ஒரு பார்செக் சுமார் 3.26 ஒளியாண்டு) தூரத்தில் வைத்தால் இருக்கும் பொலிவெண்ணை, அதாவது தனிப் பொலிவெண்ணைக் கழித்தால் கிடைப்பது தொலைவு மாடுலஸ். நாம் தேடும் எண் அதுதான்.

ஏன் அகச்சிவப்பு?

மூன்று காரணங்கள். முதலாவது தூசி. மெகல்லானிக் மேகத்துச் செஃபீடுகளுக்கு நீல, மஞ்சள் நிறங்களுக்கிடையே தூசியால் வரும் செம்மை சுமார் 0.1 பொலிவெண் என்று வைத்துக்கொண்டால், மஞ்சள்-பச்சை ஒளியில் இழப்பு சுமார் 0.31. 3.6 மைக்ரானில் அதே தூசி 0.02 மட்டுமே எடுக்கும். தூசிக் கணக்கில் பாதி தப்பாகப் போனாலும் அகச்சிவப்பில் 0.01-தான் பிழை.

இரண்டாவது, வெப்பநிலை. ஒரே துடிப்புக்காலம் உள்ள இரண்டு செஃபீடுகளில் ஒன்று சற்றுச் சூடாகவும் மற்றொன்று சற்றுக் குளிர்ந்தும் இருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும். அகச்சிவப்பில் மேற்பரப்பின் ஒளிர்வு வெப்பநிலையோடு மெதுவாகத்தான் மாறும். விண்மீனின் அளவே ஒளியைத் தீர்மானிக்கிறது. அதனால் கால-ஒளி வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 0.2-க்கு மேல் இருக்கும் சிதறல், 3.6 மைக்ரானில் பாதியாக, 0.11 அளவுக்கு வந்துவிடுகிறது.

மூன்றாவது, வீச்சு. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பொலிவெண் ஏறி இறங்கும் செஃபீடு, அகச்சிவப்பில் 0.2 முதல் 0.4 வரைதான் ஆடும். 1982-இல் மெக்கோனகல், மெக்லாரன், மெக்கலாரி, மேடோர் ஆகிய நால்வரும் இதைத்தான் பயன்படுத்தினார்கள்: ஒரு செஃபீடை எந்த நேரத்தில் ஒரே ஒரு முறை அகச்சிவப்பில் அளந்தாலும் பயன்படும் அளவுக்குச் சராசரிக்குப் பக்கத்தில் இருக்கும்.

இதனால் அகச்சிவப்பு பிழைகளைத் துடைத்துவிடுகிறது என்று நினைக்க வேண்டாம். தூசியும் வெப்பநிலையும் விலகிய இடத்தில் இரண்டு புதிய தொல்லைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும்: பக்கத்து விண்மீன்களின் கலப்பு; அளவுகோலின் பூஜ்ஜியப் புள்ளி, அதாவது உண்மையான ஒளியைச் சொல்லும் கோட்டின் உயரம். உங்கள் கவனத்தில் முக்கால்வாசி இந்த இரண்டிலும்தான் இருக்க வேண்டும்.

படி 1: விண்மீன் பட்டியல்

சிலியின் லாஸ் கம்பானாஸில் இருக்கும் 1.3 மீட்டர் வார்சா தொலைநோக்கியைக் கொண்டு நடக்கும் ஓகிள் ஆய்வின் பட்டியலிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் 2015-இல் வெளியிட்ட தொகுப்பில் பெரிய மேகத்தில் மட்டும் 4,620 செஃபீடுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இடம், காலம், துடிப்பு வகை மூன்றும் இருக்கும். காலத்தை நீங்கள் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. அகச்சிவப்பு ஒளிவளைவிலிருந்து காலத்தைத் தேட முயலவும் வேண்டாம். வீச்சு சிறியது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் கிடைக்கும் காலம் எப்போதும் துல்லியமானது.

அடிப்படை முறையில், அதாவது விண்மீன் முழுதும் ஒன்றாக விரிந்து சுருங்கும் முறையில் துடிப்பவற்றை மட்டும் எடுங்கள். முதல் மேல்முறையில் துடிப்பவற்றின் காலம் அடிப்படைக் காலத்தில் சுமார் 0.71 பங்கு. இவற்றைக் கலந்துவிட்டால் கால-ஒளிக் கோட்டுக்கு மேலே அரைப் பொலிவெண் உயரத்தில் இன்னொரு கோடு எழும்பும்.

காலம் 10 முதல் 60 நாள் வரை உள்ளவற்றை வைத்துக்கொள்ளுங்கள். பத்து நாளுக்குக் குறைந்தவை எண்ணிக்கையில் மிக அதிகம், ஆனால் மங்கல். நியோவைஸ் படத்தில் அக்கம்பக்கத்து ஒளி அவற்றை எளிதாகக் கெடுத்துவிடும். அறுபதுக்கு மேல் போனால் விண்மீன்களும் குறைவு, காலமும் நிலையாக இருப்பதில்லை. இன்னொன்று: மிகப் பிரகாசமான செஃபீடுகளின் ஒளி ஓகிள் கேமராவின் எல்லையைத் தாண்டி நிரம்பிவிடும், அதனால் நீண்ட கால முனையில் அந்தப் பட்டியல் மெலிந்திருக்கும். அங்கே 2022-இல் வெளிவந்த, ஐரோப்பிய விண்கலமான கையாவின் மூன்றாம் தரவு வெளியீட்டின் செஃபீடு பட்டியலால் நிரப்பிக்கொள்ளலாம். முதல் முயற்சிக்கு 40, 50 விண்மீன் போதும்.

தேர்வைக் காலத்தை வைத்தே செய்யுங்கள், பொலிவை வைத்து அல்ல. "14-ஆம் பொலிவெண்ணுக்கு மேல் மங்கலானவை வேண்டாம்" என்று வெட்டினால், எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் காலங்களில் பிரகாசமானவை மட்டும் தப்பிப் பிழைக்கும். கோடு சாயும், தூரம் குறையும்.

படி 2: தரவிறக்கம்

வைஸ் விண்கலம் 2009 டிசம்பரில் ஏவப்பட்டது. குளிரூட்டி தீர்ந்தபின் சில ஆண்டுகள் உறங்கவைக்கப்பட்டு, 2013 டிசம்பரில் நியோவைஸ் என்ற பெயரில் எழுப்பப்பட்டது. 2024 கோடை வரை வேலை செய்தது. இரண்டு பட்டைகள்: 3.4 மைக்ரான், 4.6 மைக்ரான். கால்டெக் நிறுவனத்தில் உள்ள இர்சா களஞ்சியத்தில், ஒவ்வொரு படத்திலிருந்தும் எடுத்த அளவீடுகளின் அட்டவணை கிடைக்கும். எல்லாப் படங்களையும் சேர்த்துச் சராசரி எடுத்த அட்டவணையும் அருகிலேயே இருக்கும். அது இந்த வேலைக்கு ஆகாது, தனித்தனிப் பட அட்டவணைதான் வேண்டும்.

விண்கலம் வானத்தின் பெரும்பகுதியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு வருகைக்குச் சுமார் பன்னிரண்டு படம் வீதம் எடுத்தது. அதன் பாதைகள் எல்லாம் சூரியப் பாதையின் துருவங்களில் சந்திப்பவை. பெரிய மெகல்லானிக் மேகம் அந்தத் தென் துருவத்தை ஒட்டியே இருப்பதால் நமக்கு அதிர்ஷ்டம்: ஒரு வருகையிலேயே பல நாள் தொடர்ச்சியாக, நூற்றுக்கணக்கில் அளவீடுகள் கிடைக்கும். மொத்தத்தில் ஒரு விண்மீனுக்கு ஆயிரக்கணக்கில் வரலாம்.

இடங்களின் பட்டியலை ஒரே கோப்பாகக் கொடுத்துத் தேடும் வசதி இர்சாவில் உண்டு. இங்கே ஒரு பழைய பொறி: ஓகிள் பட்டியலில் வல ஏற்றம் (வானில் கிழக்கு-மேற்கு இடத்தைச் சொல்லும் எண்) மணி, நிமிடம், நொடியில் இருக்கும், களஞ்சியம் பாகையில் கேட்கும். 15-ஆல் பெருக்க மறந்தால் வானத்தின் வேறொரு மூலையில் தேடிக்கொண்டிருப்பீர்கள். தேடும் ஆரத்தை 2 விகலை (ஒரு விகலை, பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வையுங்கள். 5, 6 விகலை வைத்தால் பக்கத்து விண்மீனின் அளவீடுகளும் கூடவே வந்துவிடும். ஒளிவளைவு இரண்டு இணைகோடாகப் பிரிந்து தெரிந்தால் காரணம் அதுதான்.

படி 3: வடிகட்டல்

வந்த அட்டவணையை டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம். பைதான் தெரிந்தவர்கள் அஸ்ட்ரோபை என்ற வானியல் நிரல் தொகுப்பை வைத்து வேலையை முடிக்கலாம். பின்வரும் வரிகளை நீக்குங்கள்: படத்தின் தர மதிப்பெண் பூஜ்ஜியமாக உள்ளவை, நிலவொளி விழுந்ததாகக் குறிக்கப்பட்டவை, தென் அட்லாண்டிக் கதிர்வீச்சுப் பகுதிக்கு 5 பாகைக்குள் எடுத்தவை, கறை, ஒளிவட்டம், பிரதிபலிப்பு போன்ற போலிக் குறி உள்ளவை. போலிக் குறிப் பத்தியில் எழுத்து ஏதும் இல்லாமல் பூஜ்ஜியங்கள் மட்டும் இருந்தால் நல்லது. பட்டைகள் வரிசையாக இருக்கும் என்பதால் முதல் இடத்தை மட்டும் பார்த்தாலும் போதும்.

அடுத்தது, விண்மீனின் வடிவம் கருவியின் இயல்பான வடிவத்தோடு எவ்வளவு பொருந்தியது என்று காட்டும் எண். ஒன்றுக்கு அருகில் இருக்க வேண்டும். 2-ஐத் தாண்டிய வரிகளை விடுங்கள். ஒரு விண்மீனுக்குப் பாதிக்கு மேற்பட்ட வரிகள் இதில் தோற்றால் அந்த விண்மீனையே விட்டுவிடுங்கள். அங்கே ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கலப்பை எண்களாகப் பார்த்துவிடலாம். 3.4 மைக்ரானில் நியோவைஸின் கூர்மை 6.1 விகலை. மேகத்தின் தூரத்தில் இது சுமார் ஒன்றரை பார்செக், கிட்டத்தட்ட ஐந்து ஒளியாண்டு. அந்த வட்டத்துக்குள் இருக்கும் எல்லா விண்மீன்களும் உங்கள் செஃபீடின் கணக்கில் சேரும். செஃபீடின் ஒளியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குப் பக்கத்து ஒளி சேர்ந்தால் அது 0.20 பொலிவெண் கூடுதலாகப் பிரகாசிக்கும். தூரம் சுமார் ஒன்பது சதவீதம் குறைந்து வரும். கலப்பு எப்போதும் ஒரே திசையில்தான் இழுக்கும், சராசரி எடுத்தால் சரியாகிவிடாது.

இதைப் பிடிக்க இரண்டு வழி. ஒன்று, கையா பட்டியலில் ஒவ்வொரு செஃபீடைச் சுற்றியும் 6 விகலைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிவந்த ராட்சத விண்மீன் ஒன்று இருந்தால் அது கண்ணுக்குத் தெரியும் ஒளியில் மங்கலாக இருந்தாலும் அகச்சிவப்பில் ஓங்கி நிற்கும், அந்தச் செஃபீடை நீக்கிவிடுங்கள். இரண்டு, வீச்சு. பக்கத்து விண்மீன் துடிப்பதில்லை. அதன் நிலையான ஒளி சேரச் சேர ஏற்ற இறக்கம் சுருங்கும். அதே காலமுள்ள மற்ற செஃபீடுகளைவிட வீச்சு குறைந்து, கோட்டுக்கு மேலேயும் இருந்தால் கலப்பு என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லலாம்.

படி 4: ஒளிவளைவை மடித்தல், சராசரி எடுத்தல்

ஒவ்வொரு அளவீட்டு நேரத்திலிருந்தும் ஒரு தொடக்க நேரத்தைக் கழித்து, காலத்தால் வகுத்து, பின்னப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டால் அதுவே கட்டம்: 0-விலிருந்து 1 வரை. எக்செல்லில் மீதி காணும் சூத்திரம் ஒன்று போதும். கட்டத்தைக் கிடைக்கோட்டிலும் பொலிவெண்ணை நிலைக்கோட்டிலும் வைத்தால் பத்தாண்டுத் துடிப்புகளும் ஒரே வளைவாக மடிந்து விழ வேண்டும்.

விழாவிட்டால் முதலில் காலத்தைச் சந்தேகியுங்கள். 10 நாள் காலம் உள்ள விண்மீன் பத்தாண்டில் சுமார் 365 முறை துடிக்கும். காலத்தில் 0.001 நாள் பிழை இருந்தால் இறுதியில் 0.37 நாள் நகர்ந்திருக்கும், கட்டத்தில் 0.04, பொறுத்துக்கொள்ளலாம். 0.01 நாள் பிழை என்றால் கட்டம் 0.37 நகரும், வளைவு மாவாகக் கரைந்துவிடும். நீண்ட காலச் செஃபீடுகளில் காலமே மெல்ல மாறுவதும் உண்டு. அப்போது ஈராண்டு ஈராண்டாகப் பிரித்து மடித்துப் பார்த்தால் வளைவு இடம்பெயர்வது தெரியும்.

நேரக் கணக்கில் இன்னொரு சிக்கல். ஓகிள் ஜூலியன் நாளை, அதாவது வானியலில் நாட்களைத் தொடர்ந்து எண்ணும் எண்ணைச் சுருக்கி எழுதும். நியோவைஸ் திருத்திய ஜூலியன் நாளைத் தரும். இரண்டுக்கும் இடையே முழு எண்ணோடு ஓர் அரை நாளும் வித்தியாசம் உண்டு. நீங்கள் நியோவைஸ் தரவை மட்டும் மடித்தால் இது பாதிக்காது. இரண்டு ஒளிவளைவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரையும்போதுதான் உதைக்கும். அந்த அரை நாளைச் சரிசெய்த பிறகும் அகச்சிவப்பு உச்சம் கண்ணுக்குத் தெரியும் உச்சத்தைவிடத் தாமதமாகவே வரும். அது தவறல்ல. கண்ணுக்குத் தெரியும் ஒளி வெப்பநிலையின் பின்னால் ஓடுகிறது, அகச்சிவப்பு ஆரத்தின் பின்னால் ஓடுகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உச்சம் தொடுவதில்லை.

சராசரிக்கு, கட்டத்தை 20 சம பெட்டிகளாகப் பிரித்து ஒவ்வொரு பெட்டியிலும் இடைநிலை மதிப்பை எடுங்கள். பிறகு 20 மதிப்புகளையும் ஒளியளவாக மாற்றிச் சராசரி கண்டு, திரும்பப் பொலிவெண்ணாக்குங்கள். நேரடியாக எல்லாப் புள்ளிகளையும் சராசரி எடுத்தால், அளவீடுகள் அதிகம் குவிந்த கட்டத்தின் பக்கம் சாய்ந்துவிடும். ஒளியளவுக்கு மாற்றாமல் பொலிவெண்ணையே சராசரி எடுத்தால் பெரிய இழப்பில்லை: வீச்சு 0.3 என்றால் வேறுபாடு 0.005-தான். வீச்சு 1 இருக்கும் கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அதுவே 0.06-க்கு வந்துவிடும்.

பெட்டிகள் காலியாக இருந்தால் சைன் வளைவுகளின் கூட்டைப் பொருத்தலாம். இரண்டு, மூன்று உறுப்புகளோடு நிறுத்துங்கள். எட்டு உறுப்பு வைத்தால் புள்ளி இல்லாத இடைவெளியில் வளைவு தன் இஷ்டத்துக்கு ஆடும்.

இந்த இடத்தில் ஒரு சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். அதே பகுதியில் அதே அளவு பிரகாசமான, மாறாத விண்மீன் மூன்று நான்கை எடுத்து அதே படிகளில் ஓட்டுங்கள். அவற்றின் சிதறல் 0.03, 0.04 அளவில் இருந்து, ஆண்டுக்கு ஆண்டு நகராமல் இருந்தால் உங்கள் வடிகட்டல் சரி.

படி 5: கோடு பொருத்துதல்

காலத்தின் மடக்கையிலிருந்து 1-ஐக் கழித்துக் கிடைக்கோட்டில் வையுங்கள். அதாவது 10 நாள் விண்மீன் பூஜ்ஜியத்தில் நிற்கும். இந்தக் கழித்தல் அலங்காரத்துக்கு அல்ல. மடக்கை பூஜ்ஜியம் என்றால் ஒரு நாள் காலம். அங்கே உங்களிடம் விண்மீனே இல்லை. சாய்வில் சிறு பிழை வந்தாலும் அங்கே நீட்டிப் பார்க்கும்போது பெரிதாகும்.

பத்தின் அடிமானத்தில் மடக்கை எடுங்கள். பைதானில் வெறும் லாக் என்று எழுதினால் இயல் மடக்கை வரும். 30 நாளுக்கு 1.477 வர வேண்டிய இடத்தில் 3.40 வரும், ஒளியில் ஆறு பொலிவெண்ணுக்கு மேல் பிழை. கோட்டிலிருந்து விண்மீன் எங்கோ பறந்துபோனது போல இருந்தால் முதலில் இந்த வரியைப் பாருங்கள்.

நாசாவின் ஸ்பிட்சர் அகச்சிவப்பு விண்வெளித் தொலைநோக்கியில் 3.6 மைக்ரானில் இதே மேகத்தின் சுமார் 80 செஃபீடுகளை ஒவ்வொன்றையும் 24 முறை அளந்த கார்னகி குழுவுக்குக் கிடைத்த கோடு:

பொலிவெண் = −3.31 × (மடக்கை காலம் − 1) + 12.70

உங்கள் கோடு இதற்கு மிக அருகில் வர வேண்டும். 30 விண்மீனுக்குக் குறைவாக இருந்தால் சாய்வை −3.31 என்றே பூட்டிவிட்டு உயரத்தை மட்டும் கண்டுபிடியுங்கள். கோட்டிலிருந்து திட்ட விலக்கத்தின் மூன்று மடங்குக்கு அப்பால் உள்ளவற்றை ஒருமுறை நீக்கி மறுபடி பொருத்தலாம். திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே போனால் சிதறல் அழகாகக் குறையும், ஆனால் அது உங்கள் கத்தரிக்கோலின் அளவீடு.

4.6 மைக்ரான் பட்டையை வைத்துத் தூரம் கணக்கிட வேண்டாம். குளிர்ந்த செஃபீடுகளின் வளிமண்டலத்தில் கார்பன் மோனாக்சைடு உருவாகி அந்த அலைநீளத்தை உறிஞ்சுகிறது. நீண்ட காலச் செஃபீடுகள் குளிர்ந்தவை, அதனால் அந்த முனை மட்டும் மங்கும். உலோகங்களின் அளவைப் பொறுத்தும் மாறும். இரண்டு பட்டைகளின் நிற வேறுபாட்டைக் கட்டத்துக்கு எதிராக வரைந்து பாருங்கள். விண்மீன் குளிரும்போது மோனாக்சைடு கூடுவதும் சூடாகும்போது சிதைவதும் கண்ணெதிரே தெரியும். தூரத்துக்கு உதவாவிட்டாலும் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் மிக அழகான வரைபடம் அதுதான்.

படி 6: தூரம்

இப்போது உண்மையான ஒளியின் கோடு தேவை. ஹபிள் தொலைநோக்கியால் இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவது போலத் தெரிவது; இதிலிருந்து தூரம் நேரடியாகக் கிடைக்கும்) அளக்கப்பட்ட பால்வீதிச் செஃபீடுகள் பத்தை வைத்துக் கார்னகி குழு 2012-இல் தந்தது:

தனிப் பொலிவெண் = −3.31 × (மடக்கை காலம் − 1) − 5.80

பால்வீதிச் செஃபீடுகளை நியோவைஸிலேயே அளந்து இந்தக் கோட்டை நாமே எடுக்கலாமே என்று தோன்றும். அருகில் இருப்பவை மிகப் பிரகாசமானவை, 3.4 மைக்ரானில் எட்டாம் பொலிவெண்ணுக்கு மேல் பிரகாசித்தால் படம் நிரம்பிவிடும். அதனால்தான் ஸ்பிட்சரின் கோட்டைக் கடன் வாங்குகிறோம்.

12.70-இலிருந்து −5.80-ஐக் கழித்தால் 18.50. தூசி இழப்பு, செம்மையின் 0.203 மடங்கு, செம்மை 0.1 என்றால் 0.02. அதைக் கழித்தால் 18.48. கூட்டிவிடாதீர்கள்: தூசி விண்மீனை மங்கலாக்கித் தூரமாகக் காட்டும், நாம் அதைத் திரும்பக் கிட்டே கொண்டுவருகிறோம். 18.48-உடன் 5-ஐக் கூட்டி, 5-ஆல் வகுத்தால் 4.696. பத்தின் அடுக்கு 4.696 என்பது சுமார் 49,700 பார்செக், அதாவது 1 லட்சத்து 62 ஆயிரம் ஒளியாண்டு.

செஃபீடுகளே இல்லாத வழியிலும் இந்தத் தூரம் அளக்கப்பட்டிருக்கிறது. ஒன்றையொன்று மறைக்கும் 20 இரட்டை விண்மீன்களைக் கொண்டு பியட்ரினிஸ்கி குழு 2019-இல் தந்த மதிப்பு 49,590 பார்செக், ஒரு சதவீதத் துல்லியத்தோடு. உங்கள் விடையைச் சரிபார்க்க இதுவே உரைகல். ஆனால் விடை தெரிந்துவிட்டதே என்று அதற்கு ஏற்றபடி வடிகட்டலைத் திருகத் தொடங்கினால் பயிற்சி வீண். வடிகட்டும் எல்லைகளை எழுதி வைத்துவிட்டு, பிறகுதான் தூரத்தைக் கணக்கிட வேண்டும்.

விண்மீன் கோட்டில் நிற்காவிட்டால்

அரைப் பொலிவெண் மேலே இருந்தால் மேல்முறைத் துடிப்பு தவறாக நுழைந்திருக்கிறது. ஒன்றரை முதல் இரண்டு பொலிவெண் கீழே கிடந்தால் அது இரண்டாம் வகைச் செஃபீடு: வயதான, எடை குறைந்த, வேறு இனம். இந்த இரண்டு இனங்களையும் ஒன்றெனக் கொண்டதால்தான் 1952-இல் வால்டர் பாடே திருத்தும் வரை ஆண்ட்ரொமீடா உட்பட எல்லாக் கேலக்ஸிகளின் தூரமும் பாதியாக இருந்தது. இடமாறு தோற்றம் தெளிவாகத் தெரியும் அளவுக்குக் கிட்டே இருந்தால் அது நம் பால்வீதியின் விண்மீன். கையாவில் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எல்லா விண்மீன்களும் சேர்ந்தே ஒரு பக்கம் நகர்ந்திருந்தால் அவை மேகத்தின் எந்தப் பகுதியில் உள்ளன என்று பாருங்கள். மேகம் தட்டையான வட்டு, சாய்ந்து நிற்கிறது. வடகிழக்குப் பக்கம் நமக்குக் கிட்டே. ஆயிரம் பார்செக் வேறுபாடு 0.04 பொலிவெண். ஒரே ஓரத்திலிருந்து எல்லா விண்மீன்களையும் எடுத்தால் அளப்பது அந்த ஓரத்தின் தூரம். மையத்தைச் சுற்றிப் பரவலாக எடுங்கள்.

பிழைக் கணக்கு

சிதறல் 0.11, விண்மீன் 50 என்றால், 50-இன் வர்க்கமூலத்தால் வகுக்க 0.016. கடன் வாங்கிய பூஜ்ஜியப் புள்ளியின் பிழை 0.03. நியோவைஸின் 3.4 மைக்ரானும் ஸ்பிட்சரின் 3.6 மைக்ரானும் ஒன்றல்ல என்பதற்கு 0.02 வையுங்கள். வர்க்கங்களைக் கூட்டி மூலம் எடுத்தால் 0.04, தூரத்தில் இரண்டு சதவீதத்துக்குச் சற்றுக் கீழே, சுமார் 900 பார்செக். விண்மீன் எண்ணிக்கையை 50-இலிருந்து 500 ஆக்கினாலும் 0.04 என்பது 0.036-க்குக் கீழே இறங்காது. அந்த நேரத்தைக் கலப்புச் சோதனையில் செலவழிப்பது மேல்.

உலோகச் செழிப்பைத் தனியே குறித்து வையுங்கள். மேகத்தின் செஃபீடுகளில் இரும்பு, சூரியனில் உள்ளதில் சுமார் 40 சதவீதம். உலோகம் பத்து மடங்கு கூடினால் செஃபீடு 0.2 முதல் 0.3 பொலிவெண் பிரகாசமாகும் என்று அண்மை அளவீடுகள் பல சொல்கின்றன. அப்படியானால் இங்கே 0.1 வரை திருத்தம் வர வேண்டும். நாம் திருத்தாமலே 18.48 வந்துவிட்டது என்பதால் அந்த விளைவு இல்லை என்று ஆகாது. பத்தே விண்மீன்களை வைத்து எடுத்த −5.80-க்குள்ளேயே அதை ஈடுகட்டும் அளவு தள்ளாட்டத்துக்கு இடம் இருக்கிறது.

அடுத்து எங்கே போவது

சிறிய மெகல்லானிக் மேகம் அடுத்த வீடுதானே என்று அங்கே தாவ வேண்டாம். அது நம் பார்வைத் திசையில் பல ஆயிரம் பார்செக் நீண்டு கிடக்கிறது. சிதறல் கூடினால் அது உங்கள் பிழையா மேகத்தின் ஆழமா என்று பிரித்தறிய முடியாது. அதைவிடத் தூரம் போனால் நியோவைஸ் கைகொடுக்காது. 76 லட்சம் பார்செக் தூரத்தில் இருக்கும் என்.ஜி.சி. 4258 கேலக்ஸியில் 6 விகலை என்றால் 220 பார்செக். ஒரு செஃபீடோடு ஒரு பேட்டையே கலந்துவிடும். அங்கே ஹபிளின் 1.6 மைக்ரான் படங்களும் ஜேம்ஸ் வெப்பின் படங்களும்தான் உதவும். பிரபஞ்ச விரிவு வேகம் பத்து லட்சம் பார்செக்குக்கு நொடிக்கு 73 கிலோமீட்டரா 67 கிலோமீட்டரா என்ற இன்றைய வழக்கில் வெப்பை அழைத்ததே இந்தக் கலப்புச் சந்தேகத்தைத் தீர்க்கத்தான்.

கையில் இருக்கும் இதே நிரல்களோடு செய்யத் தக்க அடுத்த பயிற்சி, விருச்சிக ராசியில் உள்ள எம்4 கோளக் கொத்து. அங்கே செஃபீடுக்குப் பதில், அவற்றைப் போலவே துடிக்கும் வயதான ஆர்.ஆர். லைரா விண்மீன்கள், காலம் அரை நாள் அளவு. 3.6 மைக்ரானில் தனிப் பொலிவெண் ஏறக்குறைய −2.33 × மடக்கை காலம் − 1.18. அரை நாள் காலத்துக்கு −0.47 வரும்; வானில் பதினோராம் பொலிவெண் அருகே தெரியும், நியோவைஸுக்கு மிகச் சௌகரியம். கொத்தின் முன்னால் அடர்த்தியான தூசி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியில் ஒரு பொலிவெண்ணுக்கு மேல் போய்விடும், 3.6 மைக்ரானில் இழப்பு 0.1-ஐத் தொடாது. மேல்முறையில் துடிப்பவற்றை இங்கே தூக்கி எறிய வேண்டியதில்லை, காலத்தின் மடக்கையோடு 0.127 கூட்டினால் அடிப்படை வரிசையில் சேர்ந்துகொள்ளும். கொத்தின் மையத்திலிருந்து இரண்டு மூன்று கலைக்குள் (ஒரு கலை 60 விகலை) இருப்பவற்றை விட்டுவிடுங்கள். சூரியப் பாதைக்கு அருகில் இருப்பதால் வருகைக்குப் பன்னிரண்டு படங்கள்தான் கிடைக்கும், எனவே வடிகட்டலில் கைவீச்சு வேண்டாம்: 2 என்று வைத்த பொருத்த எல்லையை இங்கே 3 வரை தளர்த்தலாம்.